இரண்டு பேரும் சேர்ந்து வந்து கேட்டால்

உலகன்னானுக்கும் ஸ்கறியாவுக்கும் நான் நானூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். வேறு யாருக்கும், எந்தக் காலத்திலும், ஒரு சல்லிக்காசு பாக்கி வைத்தவன் அல்ல இந்த இட்டியவிரா. ஊருக்கு நான் அவிராச்சன், மரியாதை கொடுக்கிறவர்களுக்கு அச்சாயன்.

ஈட்டிப்பாறையில் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கை பட்ட ஒன்று கண்ணில் படும். மாதா கோயில் மணி நான் வாங்கித் தந்தது. கல்லறைத் தோட்டத்து மதில் நான் கட்டியது. படிப்பு பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிட்டது, ஆனால் யானை நடந்த தடத்தில் மரவள்ளிக் கம்பைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இந்த மலையில் நட்டவன் நான். இன்று என் ஏலக்காய் போடி சந்தையில் இறங்கினால் வியாபாரிகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வருகிறார்கள். கோயில் ஜூபிலிக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம், என் வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டார்கள். என்னைப் பற்றி எழுத அந்த மலர் போதாது. அதனால் உலகன்னானைப் பற்றி எழுதுகிறேன். போட்டால் போடட்டும், போடாவிட்டால் என் காசில் அச்சடித்துக்கொள்ள எனக்குத் தெம்பு இருக்கிறது.

உலகன்னான் மிளகு பறிக்கிறவன். மிளகுக்கொடி மரத்தைச் சுற்றிக்கொண்டு மேலே போகும். பறிக்கிறவன் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து ஏறுவான். ஒரே ஒரு மூங்கில், இரண்டு பக்கமும் கணுவில் விட்ட குச்சிதான் படி. அடியில் ஒருவன் காலை அழுத்தி ஊன்றிப் பிடித்தால்தான் அது உருளாமல் நிற்கும். மேலே உலகன்னான், கீழே ஸ்கறியா. இந்த இரண்டு பேரையும் சேர்த்துத்தான் எல்லோரும் கூலிக்குக் கூப்பிடுவார்கள். ஒருவனை மட்டும் கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

உலகன்னான் கறுப்பு, குள்ளம், வாய் கொஞ்சம் துடுக்கு. ஸ்கறியா நெட்டையாய், வெளுத்து, எப்போதும் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பான். கோயில் பாட்டுக் குழுவில் அவன் குரல்தான் குரல். மேல்காட்டில் ஓலைக் குடிசை ஒன்று போட்டு இருவரும் ஒன்றாக இருந்தார்கள். மலைக்கு வந்த புதிதில் கல்யாணமாகாத ஆண்கள் அப்படி இருப்பது வழக்கம்தான். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

நான் முதன்முதலாக ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் கட்டப் புறப்பட்ட வருடம். அடுப்பு வாங்கப் பணம் போதவில்லை. வங்கிக்காரன் என் கைநாட்டைப் பார்த்துச் சிரித்தான். எழுதப் படிக்கப் பிறகு கற்றுக்கொண்டேன், அதே வங்கிக்காரன் என்னைப் பார்த்து எழுந்து நின்றதும் உண்டு, அது வேறு கதை. இவர்கள் இரண்டு பேரும் பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எருமை வாங்கச் சேர்த்த காசு. நானூறு ரூபாய்.

“எண்ணிக்க அவிராச்சா,” என்றான் உலகன்னான். “பின்னாடி கொறஞ்சு போச்சுன்னு சொல்லக்கூடாது.”

“இதுல யார் காசு எவ்வளவு?” என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்கறியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏறினவன் காசு எது, ஏணி பிடிச்சவன் காசு எதுன்னு எப்படிப் பிரிக்கிறது?”

நான் கூட்டு வியாபாரத்தில் அடிபட்டவன். கூட்டாளிகள் நாளைக்குச் சண்டை போட்டால் நடுவில் நிற்கிறவன் தலைதான் உருளும். அதனால் அங்கேயே ஒரு சட்டம் போட்டேன். “ரெண்டு பேரும் சேர்ந்து வந்து கேட்டாத்தான் தருவேன். ஒருத்தன் மட்டும் வந்து நின்னா ஒரு காசு கிடையாது. சம்மதமா?”

“சம்மதம்,” என்றார்கள்.

என் சொல் என்றால் அது கல்லில் வெட்டினது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோர் எழும்பிப் பணம் வர ஆரம்பித்த நேரத்தில் அந்த விவகாரம் வெடித்தது. ஸ்கறியாவின் அண்ணன் பௌலோசு தம்பிக்குப் பெண் பார்த்திருந்தான். சொல்லிவிட்டு வரலாம் என்று மத்தியானத்தில் மேல்காட்டுக்குப் போனவன், குடிசைக் கதவைத் தட்டாமல் திறந்தான். என்ன பார்த்தான் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. இறங்கி வந்தபோது அவன் முகத்தைப் பார்த்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

எங்கள் ஊர் கிறிஸ்தவ ஊர். ஆணும் ஆணும் அப்படி இருப்பது பாவம், அதிலும் சாவான பாவம் என்று ஞானோபதேசத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நானும் அப்படியே நம்புகிறவன். அன்றைக்கிருந்த பங்குச் சாமியார் மாணி அச்சன், நேரில் அச்சோ என்றுதான் கூப்பிடுவோம், கண்டிப்பானவர், ஆனால் ஆளை நாலு பேர் முன்னால் நாறடிக்கிற ரகம் இல்லை. இருவரையும் தனித்தனியாகத் தன் வீட்டுக்கு அழைத்துப் பேசினார். அங்கே நடந்ததை உலகன்னானே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

“பிரிஞ்சு இருக்கணும். செஞ்சதுக்கு மனஸ்தாபப்பட்டு, அவர்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். பண்ணினா பழசெல்லாம் கடவுள் மறந்துடுவார், நானும் மறந்துடுவேன்னார்.”

“நீ என்ன சொன்னே?”

“கடவுள் மறக்கலாம். நான் எப்படி மறப்பேன் அச்சோன்னு கேட்டேன். எந்திரிச்சுப் போடான்னுட்டார்.”

ஸ்கறியா பாவசங்கீர்த்தனம் பண்ணினான். துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு இறங்கிவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பார்க்க முன்னால் போய் நாக்கை நீட்டி நற்கருணை அப்பம் வாங்கினான். ஊர் மூச்சு விட்டது. பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காணாமல் போன ஆடு கிடைத்துவிட்டது என்று மாணி அச்சன் அன்றைக்குப் பிரசங்கம் வைத்தார்.

இன்னொரு ஆடு கதவோரம் நின்றுகொண்டிருந்தது. உலகன்னான் கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. கடைசியில், செருப்புகள் கிடக்கும் இடத்தில், தூணில் சாய்ந்து நிற்பான். நற்கருணை நேரத்தில் எல்லோரும் முன்னால் போவார்கள், அவன் அசையமாட்டான். அச்சன் பாவமன்னிப்புத் தராமல் வாங்க முடியாது, செய்த பாவத்துக்கு மனஸ்தாபம் இல்லாமல் அவர் தரமாட்டார். ஒவ்வொரு பெரிய நோன்பிலும் பாவசங்கீர்த்தனக் கூட்டின் முன்னால் முழங்கால் போடுவான். மாட்டை அடித்தது, கள்ளு குடித்தது, கெட்ட வார்த்தை பேசினது, எல்லாவற்றையும் சொல்வானாம். அந்த ஒன்றை மட்டும் பாவமென்று சொல்லமாட்டானாம். வெளியே வரும்போது, “இந்த வருஷமும் பெயில்,” என்று என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான்.

பிறகு எதற்காக ஒவ்வொரு வாரமும் மலையிறங்கி வந்தான்? பாட்டுக் குழு நிற்கும் பக்கம் அவன் தலை சாய்ந்திருப்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்கறியா பாட ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்வான். மற்றவர்கள் பாடினால் திறந்துகொள்வான்.

நான் வியாபாரி. கணக்கை முடித்துவிட நினைத்து ஸ்கறியாவைக் கடைவீதியில் நிறுத்தி, “உன் பங்கு இருநூறை வாங்கிக்கோ, அவன் பங்கை அவன்கிட்ட கொடுத்திடறேன்,” என்றேன்.

“சேர்ந்து வந்து கேட்டாத்தான் தருவேன்னு சொன்னீங்களே அச்சாயா?”

“நீங்கதான் பிரிஞ்சாச்சே.”

ஸ்கறியா தரையைப் பார்த்தான். “எனக்கு நரகம்னா பயம் அச்சாயா. சின்ன வயசிலேருந்தே பயம். அவனுக்குப் பயமே கிடையாது. ரெண்டு பேருக்குமா சேர்த்து நான் ஒருத்தனே பயந்தாச்சு.” சற்று நின்று, “காசு உங்ககிட்டயே இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

உலகன்னானிடமும் கேட்டேன். “அவன் என்ன சொன்னான்?” என்றான். சொன்னேன். “அப்ப இருக்கட்டும். அது ஒண்ணுதான் இன்னும் பிரிக்காம இருக்கு,” என்றான்.

உலகன்னான் தனியாகவே மிளகு பறித்தான். ஏணி பிடிக்க ஆள் தரவா என்று கேட்டால், “எனக்குக் கயிறு போதும்,” என்று ஏணியின் அடியைக் கயிற்றால் மரத்தோடு கட்டிக்கொண்டு ஏறுவான். கட்டுவதற்கே பாதி நேரம் போகும். பறிக்கிற மிளகு பாதியானது, கூலியும் பாதியானது. ஒருமுறை கயிறு நழுவி விழுந்து தோளெலும்பு விலகிற்று. என் மனைவி ஏலியாம்மா கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, “முரட்டு ஜென்மம். ஏணிக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டா ஸ்கறியா கோவிச்சுக்குவானா?” என்றாள். கோபித்துக்கொள்ளமாட்டான்தான்.

இப்படி ஏறக்குறைய இருபது வருடம். ஒரே ஊர், ஒரே கோயில். வழியில் எதிர்ப்பட்டால் ஸ்கறியா ஓரமாக ஒதுங்கி நிற்பான், உலகன்னான் கடந்து போவான். ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அண்ணன் பார்த்த பெண்ணை ஸ்கறியா கட்டவும் இல்லை. அச்சனுக்குக் கொடுத்த வாக்கை ஸ்கறியா கடைசிவரை காப்பாற்றினான். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும், நல்ல கிறிஸ்தவன் அவன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் ஸ்கறியாவுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. கோட்டயம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெட்டியில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

எங்களிடம் கடைசி முத்தம் என்று ஒரு முறை உண்டு. குழியில் இறக்குவதற்கு முன்னால் இறந்தவர் முகத்தின் மேல் வெள்ளைத் துணி ஒன்றைப் போடுவார்கள். முதலில் உடன்பிறந்தவர்கள், பிறகு உறவு, பிறகு ஊர். ஒவ்வொருவராகக் குனிந்து துணியின்மேல் முத்தமிடுவார்கள். பகையாளிகூட வரிசையில் நிற்கலாம், யாரும் தடுப்பதில்லை.

உலகன்னான் வரிசையின் கடைசியில் நின்றான். தோய்த்த வேட்டி, தோளில் வெள்ளைத் துண்டு. வரிசை மெல்ல நகர்ந்தது. அவனுக்கு முன்னால் நின்ற கிழவி முத்தமிட்டு நிமிர்ந்தாள். அவன் குனியப் போகிற நேரத்தில் பௌலோசின் குரல் கேட்டது.

“நேரமாச்சு. மூடுங்க.”

பெட்டியை மூடிவிட்டார்கள். உலகன்னான் பாதி குனிந்தபடியே சற்று நேரம் நின்றான். அப்புறம் நிமிர்ந்து, ஒரு அடி பின்னால் வைத்து, ஆட்களுக்கு வழிவிட்டான்.

“பௌலோசு கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கணும் நீங்க,” என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஏலியாம்மா என்னைப் பிடுங்கினாள். உடன்பிறந்தவனுக்கு மேல் அந்த இடத்தில் யாருக்கு அதிகாரம்? அதைத்தான் அவளுக்குச் சொன்னேன். அவள் குடையை மடக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

அதற்குப் பிறகு நவம்பர் இரண்டாம் தேதி உலகன்னானுக்குப் பெரிய நாள் ஆகிவிட்டது. சகல ஆத்துமாக்களின் நாள். காலைப் பூசை முடிந்ததும் அச்சன் கல்லறைத் தோட்டத்துக்கு வருவார். ஒவ்வொரு கல்லறை முன்னாலும் அந்தந்த வீட்டார் மெழுகுவர்த்தி கொளுத்தி நிற்பார்கள். அச்சன் அங்கே நின்று, இறந்தவர் பேரைச் சொல்லி ஒப்பீசு என்ற ஜெபத்தைப் பாடுவார். மோட்சத்துக்குப் போகுமுன் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வெந்துகொண்டிருக்கும் ஆத்துமாவுக்கு அது ஒரு வாய் தண்ணீர் மாதிரி என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். வீட்டார் காணிக்கை கொடுப்பார்கள். கோயில் வேலை பார்க்கும் கப்பியார் லூக்கா தூபத்தோடு அடுத்த கல்லறைக்குப் போவான். ஆள் நிற்காத கல்லறைக்கு ஒப்பீசு கிடையாது. அச்சன் தாண்டிப் போய்விடுவார்.

யார் எந்தக் கல்லறையில் நிற்கிறார்களோ அவர்கள் அந்த வீட்டு ஆட்கள். அதுதான் முறை.

உலகன்னான் தன் அப்பன் அம்மை கல்லறையில் நிற்பான். நடுவில் ஒரு நடைபாதை, அந்தப் பக்கம் ஸ்கறியா. அங்கே பௌலோசும் பிள்ளைகளும். தன் பெற்றோருக்கான பாட்டு முடிந்தபிறகும் உலகன்னான் நகரமாட்டான். அச்சன் பாதையைக் கடந்து, “உமது ஊழியன் ஸ்கறியா” என்று பாடுவதைக் கேட்டபிறகுதான் மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பான்.

இடையில் நம் தானியேல் பாஸ்டர் அவனைப் பிடித்தார். பெந்தேகோஸ்துக்காரர், நல்ல மனுஷர்தான், விட்டால் மலையையே ஆற்றில் முக்கி எடுத்துவிடுவார். ஒரு சாயங்காலம் கடைவீதியில் நானும் உலகன்னானும் மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“உலகன்னான் சேட்டா, உங்களுக்கு அங்க அப்பமும் இல்ல, மன்னிப்பும் இல்ல. எதுக்கு வாசல்ல நிக்கிறீங்க? எங்ககூட வாங்க. ஆத்துல ஒரு முழுக்கு. அந்தப் பிசாசு ஓடியே போயிடும். ரட்சிக்கப்படுவீங்க.”

“எல்லாம் கழுவிடுமா?”

“எல்லாமே.”

“செத்துப்போனவனுக்காக உங்க சபையில ஜெபம் பண்ணலாமா?”

பாஸ்டர் தலையை ஆட்டினார். “வேதத்துல அப்படி இல்ல சேட்டா. மரிச்சவன் கணக்கு மரிச்ச அன்னிக்கே முடிஞ்சது.”

உலகன்னான் கிழங்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான். “அப்ப உங்க கடையில எனக்கு வேண்டிய சரக்கு இல்ல பாஸ்டரே. அங்கே அப்பம் தரமாட்டாங்கதான். ஆனா செத்தவனுக்கு இங்கிருந்து ஏதாவது அனுப்பலாம்னு சொல்றது அந்தக் கோயில் ஒண்ணுதான்.”

வீட்டில் இதை ஏலியாம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு ஒரு சந்தேகம். அவன் மிளகு காயப்போட வந்த அன்று நேராகவே கேட்டுவிட்டாள். “ஸ்கறியா பாவசங்கீர்த்தனம் பண்ணி, நற்கருணை வாங்கி, நல்ல மரணம் அடைஞ்சவன். நேரா மோட்சத்துக்குப் போயிருப்பான். அவனுக்கு எதுக்குடா ஒப்பீசு?”

“அது இல்ல சேட்டத்தி,” என்றான், பாயில் மிளகைப் பரப்பிக்கொண்டே. “பாவமில்லாத ஒண்ணைப் பாவம்னு சொல்லிட்டான் இல்லையா, அச்சன்கிட்ட? அந்தப் பொய்க்காக அவனைக் கொஞ்ச நாள் அங்கே பிடிச்சு வச்சிருப்பாங்க. அதான்.”

ஏலியாம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். “எடா, வாயைக் கழுவு!” என்றாள். பிறகு உள்ளே போய் அவனுக்கு ஒரு தம்ளர் காப்பி கொண்டுவந்தாள்.

இப்போது இருக்கும் ஜிபின் அச்சன் இளைஞர். ரோமாபுரியில் படித்தவர். வீடுகளை மந்திரிக்கப் போனபோது கோயில் நிர்வாகம் பார்க்கும் கைக்காரன் என்ற முறையில் நானும் கூடப் போனேன். உலகன்னானின் மேல்காட்டு வீட்டில், இப்போது ஓடு போட்டிருக்கிறான், மந்திரித்து முடித்தபிறகும் அச்சன் எழுந்திருக்கவில்லை.

“சேட்டா, திருச்சபைக்கு உங்கமேல வெறுப்பு கிடையாது. அப்படி ஒரு மனசு இருக்கிறது பாவம்னு நாங்க சொல்லல. செயலைத்தான் பாவம்னு சொல்றோம்.”

“செயலா?” உலகன்னான் என்னைப் பார்த்துச் சிரித்தான். “அச்சோ, எனக்குக் குனிஞ்சா நிமிர முடியல. செயல் எல்லாம் எந்தக் காலத்துலயோ போச்சு. இப்ப மிச்சம் இருக்கிறது நெனப்பு ஒண்ணுதான்.”

“அப்ப என்ன தடை? நடந்ததுக்கு வருந்துறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இங்கேயே, இப்பவே மன்னிப்பு. ஞாயித்துக்கிழமை நானே உங்க நாக்குல வைக்கிறேன்.”

அந்த அப்பத்துக்காக அவன் எவ்வளவு ஏங்கினான் என்பது எனக்குத் தெரியும். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பான், பசித்தவன் மாதிரி.

“ஒரு வருத்தம் இருக்கு அச்சோ. மூடின பெட்டியைத் திறக்கச் சொல்லி நான் ஒரு சத்தம் போடல. அதுக்கு மன்னிப்புக் கிடைக்குமா?”

அச்சன் ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். படி இறங்கும்போது என்னிடம், “அவிராச்சன், நான் படிச்ச புஸ்தகத்துல இந்தக் கேள்வி இல்ல,” என்றார். நான் புத்தகமே படிக்காதவன், என்னிடம் சொல்லி என்ன?

போன வருடம் பௌலோசு நிலத்தை விற்றுவிட்டு பெங்களூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டான். படுக்கையில் கிடக்கிறானாம், இனி வரமாட்டான். நவம்பர் நெருங்கிற்று. ஒரு காலையில் உலகன்னான் கம்பை ஊன்றிக்கொண்டு என் ஸ்டோருக்கு வந்தான்.

“இந்தத் தடவை ஸ்கறியாகிட்ட நிக்க ஆள் இல்ல,” என்றான்.

“தெரியும்.”

“அச்சன் தாண்டிப் போயிடுவார்.”

“முறை அதுதானே.”

“நான் நிக்கட்டுமா அவிராச்சா? நீ கைக்காரன். நீ கூடாதுன்னா லூக்கா என்னைக் கையைப் பிடிச்சு வெளிய விட்டுடுவான். அவனுக்குப் பாட்டு இல்லாமப் போறதும் இல்லாம, எனக்கு எதிர்ப்பக்கம் அப்பன் அம்மைகிட்ட நிக்கிற யோக்கியதையும் போயிடும்.”

ஏலக்காய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் யோசித்தேன். அங்கே நிற்பது சும்மா நிற்பது இல்லை. ஊர் முன்னால், நான் இவன் ஆள் என்று சொல்வது. பாவத்துக்கு மெழுகுவர்த்தி கொளுத்தின மாதிரி ஆகிவிடாதா? ஆனால் தாகத்தோடு கிடக்கும் ஆத்துமாவுக்குத் தண்ணீர் கொடுக்கிறவன் யாரென்று பார்த்தா கொடுக்கவேண்டும்? ஏலியாம்மா நெல்லிக்காய் நறுக்கிக்கொண்டே உள்ளிருந்து சொன்னாள்: “நிக்கட்டுமே. கல்லுக்கு என்ன வலிக்கவா போகுது?”

“நில்லு,” என்றேன்.

அவன் போகும்போது திரும்பிப் பார்த்தான். “பழைய காசு இருக்குல்ல? அன்னிக்கு மேல்பையில வச்சுக்கிட்டு வா.”

இரண்டாம் தேதி நல்ல வெயில். பனி விலகித் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி. உலகன்னான் முதலில் அப்பன் அம்மை கல்லறையில் நின்றான். பாட்டு முடிந்தது. லூக்கா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, “அங்க ஆள் இல்ல அச்சோ, அடுத்ததுக்குப் போகலாம்,” என்றான்.

உலகன்னான் மெழுகுவர்த்தியை அணைக்காமல், காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு, நடைபாதையைக் கடந்தான். நாலே எட்டு வைக்கிற இடம். தோட்டம் முழுவதும் பேச்சு நின்றுபோயிற்று. ஸ்கறியாவின் கல்லறைமேல் மெழுகுவர்த்தியை ஊன்றிவிட்டுப் பக்கத்தில் நின்றான்.

பௌலோசின் பங்காளி வர்கீசு முன்னால் வந்தான். “இது எங்க குடும்பக் கல்லறை. இவன் யாரு இங்க நிக்க?”

“குடும்பக் கல்லறைன்னா காலையில வந்து களை பிடுங்கியிருக்கணும்,” என்றேன் நான். “மெழுகுவர்த்தி கொண்டுவந்தியா நீ? இல்லல்ல? இந்த மதில் நான் கட்டினது. மதிலுக்குள்ள யார் ஜெபம் பண்ணினாலும் தடுக்க ஆள் கிடையாது. தள்ளி நில்லு.”

வர்கீசு அச்சனைப் பார்த்தான். எல்லோரும் அச்சனைப் பார்த்தார்கள். ஜிபின் அச்சன் உலகன்னானிடம் போய், தணிந்த குரலில்தான் கேட்டார், ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

“சேட்டா, நீங்க இவருக்கு என்ன வேணும்?”

உலகன்னான் காற்றில் சாய்ந்த மெழுகுவர்த்தியை நிமிர்த்தி ஊன்றினான்.

“நான் மேல ஏறினப்ப எல்லாம் கீழ ஏணி பிடிச்சது இவன்தான் அச்சோ.”

அச்சன் புத்தகத்தை விரித்தார். “இவர் நற்கருணை வாங்காதவர்...” என்று லூக்கா இழுத்தான். “பாட்டு செத்தவருக்கு லூக்கா, நிக்கிறவருக்கு இல்ல. தூபம் போடு,” என்றார் அச்சன்.

பாடினார். “உமது ஊழியன் ஸ்கறியா” என்று வந்த இடத்தில் உலகன்னான் கண்ணை மூடிக்கொண்டான், முன்னெல்லாம் கோயில் தூணில் சாய்ந்து மூடிக்கொண்ட மாதிரி.

பாட்டு முடிந்ததும் அவன் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்தான். கல்லின் தலைமாட்டில், முகம் இருக்கும் இடத்தில், மடிப்பில்லாமல் விரித்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, துண்டின்மேல் முத்தமிட்டான். இந்த முறை யாரும் நேரமாச்சு என்று சொல்லவில்லை. ஏலியாம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவனால் நிமிர முடியவில்லை, நான்தான் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினேன். எண்பதைத் தாண்டியும் ஓர் ஆளைத் தூக்கி நிறுத்த எனக்குத் தெம்பு இருக்கிறது.

லூக்கா காணிக்கைத் தட்டோடு காத்துக்கொண்டிருந்தான். உலகன்னான் ஒரு கையைக் கல்லின்மேல் ஊன்றிக்கொண்டு, மறு கையை என் பக்கம் நீட்டினான்.

“அவிராச்சா. ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கோம். காசைத் தா.”

நான் மேல்பையில் கைவிட்டேன். வட்டியோடு பெரிய தொகையாகக் கட்டி வைத்திருந்தேன், கஞ்சன் என்று பேர் வாங்க எனக்கு இஷ்டமில்லை. அவன் கட்டைப் பார்த்ததும் தலையை ஆட்டினான்.

“அது உன் காசு. எங்க காசு நானூறு.”

கட்டைப் பிரித்து நான்கு நூறு ரூபாய் நோட்டு எடுத்தேன். மிளகுச் சாறு ஏறிக் கறுத்துப்போன அந்த உள்ளங்கை விரிந்தே இருந்தது. எல்லோரும் கேட்க, ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.